கல்லுரோட்டுக் கயிறு

கயிறு ஒரு தரம் இழுபட்டது. ஒரு இழுப்பு என்றால் ‘வா’. சிலுவை ரிவர்ஸ் கியரைப் போட்டு, ஏழு டன் கல்லோடு டிப்பர் லாரியை மெல்லப் பின்னால் விட்டான். இன்னொரு இழுப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டான். மூன்றாவதாக ஒன்று வந்தபோது வியர்வையைத் துடைக்கத் தலையை நிமிர்த்தியவன், முன்கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டான். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டிய மச்சினன் இனிகோ, வண்டிக்கு முன்னால் இருபதடி தள்ளி, கையைக் குவித்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான்.

சிலுவை பிரேக்கை மிதித்த மிதியில் மேலே கிடந்த கற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இறங்கிப் போய்ப் பார்த்தான். பின்சக்கரத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு முழம் இடம்தான் பாக்கி. கயிற்றின் மறுமுனை கற்களுக்கு இடையே வழுகித் தண்ணீருக்குள் போயிருந்தது. உச்சி வெயில். கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சட்டியில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி கிடந்தது. ஆனால் கயிறு மட்டும் விறைப்பாக நின்றது.

குனிந்து அதை இழுத்தான். எங்கேயும் சிக்காமல், எடையே இல்லாமல் மேலே வந்தது.

“என்ன மச்சான், நான் வாரதுக்குள்ள வண்டிய எடுத்திட்டீரு?” என்று இனிகோ ஓடிவந்தான். சிலுவை பதில் சொல்லவில்லை. கேட்காத மாதிரி இருந்துகொள்வது அவனுக்கு எப்போதும் வசதி.

இது 1972 சித்திரை மாதம் நடந்தது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டித் தடுப்புச் சுவர் போட்டுக்கொண்டிருந்த காலம். இன்ஜினியர்கள் அதற்கு இங்கிலீஷில் என்னவோ பெயர் சொன்னார்கள். டிரைவர்களுக்கு அது கல்லுரோடு. கரையிலிருந்து மைல் கணக்கில் கடலுக்குள் நீண்டு போகும். இரண்டு லாரி ஒதுங்கினால் மூன்றாவதற்கு இடமில்லை. நுனிவரை போய், வண்டியைத் திருப்பி, பின்னால் விட்டு, விளிம்பில் நிறுத்தித் தொட்டியைத் தூக்க வேண்டும். கல் கடலுக்குள் விழும். அடுத்த நாள் அந்தக் கல்லின் மேல் ஏறி நின்று அடுத்த கல். பின்னால் ஒருவன் நின்று விசில் ஊதி வழி காட்டுவான். இதுதான் எல்லா லாரிக்கும் வழக்கம், சிலுவை லாரியைத் தவிர. ஏனென்றால் சிலுவைக்கு விசில் கேட்காது.

அவன் டிரைவராகப் பிறந்தவன் அல்ல. கடைசியாக நடந்த முத்துச் சலாபம் என்ற முத்துக் குளிப்பிலும், பிறகு சங்குக் குளியிலும், மூச்சை அடக்கி எட்டு பாகம், ஒன்பது பாகம் ஆழம் போய் வந்தவன். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். முப்பது வயதில் ஒரு நாள் கடலடியில் காதுக்குள் ஏதோ பட்டென்று உடைந்தது. மேலே வந்தபோது இரண்டு காதிலும் இரத்தம். அன்றோடு கடல் அவனை வேண்டாம் என்றுவிட்டது. இடது காது சுத்தமாகப் போயிற்று. வலது காதில், முகத்துக்கு நேரே நின்று உரக்கப் பேசினால் பாதி கேட்கும்; மீதியை உதட்டைப் பார்த்து ஊகித்துக்கொள்வான். லைசென்சுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கப் போனபோது டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எதிரே மருந்து அலமாரிக் கண்ணாடியில் அவர் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, பயபக்தியோடு திரும்பி “அய்யா” என்றான். அப்படிக் கிடைத்த லைசென்ஸ் அது. திருட்டுத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

விசிலுக்குப் பதிலாகத்தான் கயிறு. குளிகாரர்களின் வழக்கத்தை அப்படியே லாரிக்குக் கொண்டுவந்துவிட்டான். கடலடியில் இருப்பவனின் உயிர் மேலே வள்ளத்தில் கயிறு பிடிப்பவன் கையில். அந்தக் கயிற்றைக் கூடப் பிறந்தவனிடம் கொடுக்க மாட்டார்கள், மச்சினனிடம்தான் கொடுப்பார்கள். தம்பிக்காரன் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டாலும் விடுவான், மச்சினன் தன் அக்காள் தாலி அறுவதற்குச் சம்மதிப்பானா? இந்தக் கணக்கு நூற்றாண்டுகளாகத் தப்பியதில்லை. சிலுவையின் பெண்டாட்டி பிலோமியின் தம்பிதான் இனிகோ. கயிற்றின் ஒரு முனை சிலுவையின் மணிக்கட்டில், மறுமுனை வண்டிக்குப் பின்னால் நிற்கும் இனிகோ கையில். ஒரு இழுப்பு வா, இரண்டு இழுப்பு நில்.

மற்ற டிரைவர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் அய்யாக்குட்டி. இளவயசு, வாய் ஓயாது, வண்டியைக் கட்டின பெண்டாட்டி மாதிரி கவனிப்பான்.

“அண்ணாச்சி, லாரி ஓட்டுதீரா, மாடு மேய்க்கீரா?” என்று கேட்பான். ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டான்: “ஒண்ணு வா, ரெண்டு நில்லு. மூணு இழுத்தா என்ன?”

“மூணு இழுத்தா என்னைத் தூக்குன்னு அர்த்தம். மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். அது தண்ணிக்கு அடியில இருக்கவனுக்கு.”

“அப்ப நமக்கு எதுக்கு? நாம என்ன முத்தா குளிக்கப் போறோம்!” என்றான் அய்யாக்குட்டி.

கடலோரத்தில் இரும்பு வாழாது. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல். நடுவில் போகிற லாரியைக் காற்றே அரித்துவிடும். காண்ட்ராக்டருக்கு ஐந்து லாரிகள். ஐந்தும் வெளியே பெயின்ட், உள்ளே துரு. எல்லாவற்றிலும் சீக்கிரம் போவது மாஸ்டர் சிலிண்டர். டிரைவர் காலால் மிதிக்கிற மிதியை எண்ணெயாக்கி எல்லாச் சக்கரத்துக்கும் அனுப்புகிற சாமான் அது. ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கும். அது ஒழுக ஆரம்பித்தால் பெடல் தரைக்குப் போகும், வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும். காண்ட்ராக்டர் புதுசு வாங்கித் தர மாட்டார். அதனால் டிரைவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஐந்து வண்டிக்கும் நடுவே எது நல்ல சிலிண்டரோ, அதை வருஷச் சோதனைக்குப் போகிற வண்டியில் மாட்டி அனுப்புவார்கள். சோதனை முடிந்ததும் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெண் பார்க்கப் போகிறவன் பக்கத்து வீட்டுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போவதில்லையா, அந்த மாதிரி. அதற்கு அவர்கள் வைத்த பெயரே மாப்பிள்ளைச் சாமான்.

போன ஆவணியில் மாப்பிள்ளைச் சாமான் அய்யாக்குட்டியுடையது. பொறுக்க மாட்டாமல் அவனே மதுரைக்குப் போய்க் கைக்காசு போட்டு வாங்கி வந்த புதுச் சிலிண்டர். ஒரு வியாழக்கிழமை சிலுவை வண்டிக்குச் சோதனை. முதல் நாள் சாயங்காலம் கழற்றிக் கொடுத்தான். “வேலை முடிஞ்ச கையோட தந்திரணும் அண்ணாச்சி, எம்பழைய பிரேக்குல எனக்கு நம்பிக்கை இல்ல” என்றான். சோதனை நன்றாக முடிந்தது. ஆபீசில் இருந்தவர் ஒரு மிதி மிதித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும் வழியில்தான் வினை. அந்தப் பிரேக்கை மிதித்த சுகம் சிலுவையின் காலை விட்டுப் போகவில்லை. தொட்டால் நின்றது. இத்தனை வருஷமாக எந்த எமனை மிதித்துக்கொண்டிருந்தோம் என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது. பின்னால் நிற்பது இனிகோ. வீட்டில் இருப்பது பிலோமி. சாயங்காலம் அய்யாக்குட்டியிடம், “நாளைக்கு மத்தியானம் தாரேம்டே, இப்ப கழட்ட நேரமில்ல” என்றான். அய்யாக்குட்டி முகம் சுருங்கியது. ஆனாலும் பெரியவன் சொல் என்று தலையாட்டினான். இனிகோவிடம், “அன்னைக்கே கழட்டிக் குடுத்திட்டேன்” என்று பிறகு ஒரு பொய்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அய்யாக்குட்டியின் லாரி கல்லுரோட்டு நுனியில் பின்னோக்கிப் போனது, போனது நிற்கவில்லை. விசில் ஊதினவன் பக்கத்தில் பாய்ந்து தப்ப, விளிம்பில் போட்டிருந்த பனந்தடியை ஏறிக் கடந்து, முகப்பு வானத்தைப் பார்க்கச் செங்குத்தாக நின்று, அப்படியே இறங்கிவிட்டது. அடுத்த வண்டி சிலுவையுடையது. அவன் எல்லாவற்றையும் பார்த்தான், ஒரு சத்தமும் இல்லாமல். மற்றவர்களுக்கு அந்த அலறல் ஒரு வாரம் காதில் இருந்ததாம். அவனுக்கு அந்த வாய் திறந்திருந்ததுதான் கண்ணில் இருந்தது.

சங்குக் குளிகாரர்கள் இறங்கிப் பார்த்தார்கள். ஆறு பாகத்தில் லாரி நான்கு சக்கரத்திலும் நேராக, நிறுத்தி வைத்த மாதிரி நின்றது. கதவு திறந்திருந்தது. ஆள் இல்லை. கடைசிவரை கிடைக்கவில்லை. பிறகு இருட்டு மனசுக்காரர்கள் சிலர் இறங்கி டயரையும் பாட்டரியையும் கழற்றி வந்தார்கள். அவர்களில் ஒருவன் மறுபடி இறங்க மாட்டேன் என்றான். ஏன் என்று கேட்டால், அடியில் அந்த லாரியின் பெடல் தானே இறங்கி இறங்கி ஏறுகிறது என்றான். நீரோட்டம்தான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

காண்ட்ராக்டரின் மேனேஜர், “குடிச்சிட்டு ஓட்டினான்” என்று சொல்லிவிட்டார். போலீசுக்கும் அது சுலபமாக இருந்தது. அய்யாக்குட்டியின் பெண்டாட்டி சண்முகக்கனி, என் வீட்டுக்காரர் குடிக்கவே மாட்டார் என்று ஒவ்வொரு ஆபீஸ் வாசலாகப் போய்ச் சொன்னாள். அவள் சொல் அம்பலம் ஏறவில்லை. குடிகாரன் பெண்டாட்டி என்ற பெயர்தான் தங்கியது. ஒரே ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் எஸ்றா. நாசரேத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் குடை, சட்டைப் பையில் ஒரு நோட்டுப் புத்தகம். “வண்டியைப் பாக்காம பிரேக் நல்லதா கெட்டதான்னு நான் எப்படி எழுதுவேன்?” என்று எட்டு மாதமாக ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

சிலுவை வாயைத் திறக்கவில்லை. அய்யாக்குட்டியின் சிலிண்டர் அவன் வண்டியிலேயே இருந்தது. கழற்றவும் பயம், வைத்திருக்கவும் பயம். எட்டு மாதம் அந்தப் பிரேக் ஒரு நாள்கூடச் சோடை போகவில்லை. அதுதான் அவனை வதைத்தது.

இப்போது இந்தக் கயிறு.

முதல் தடவை நடந்ததை நீரோட்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரு வாரம் கழித்து, அதே உச்சி நேரம். இந்தத் தடவை இனிகோ பின்னால்தான் நின்றான். கண்ணாடியில் அவன் தலைத்துண்டு தெரிந்தது. ஒரு இழுப்பு வந்தது. வண்டியை விட்டான். இனிகோ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதிப்பது கண்ணாடியில் தெரிந்து, சட்டென்று நிறுத்தினான். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கேட்டார்கள்:

“ஏன் இழுத்த?”

“ஏன் இழுத்தீரு?”

இனிகோ தன் உள்ளங்கையைக் காட்டினான். கயிறு உரசிச் சிவந்திருந்தது. “நான் நில்லுன்னு ரெண்டு இழுக்கப் போனேன் மச்சான். அதுக்குள்ள கயிறு எங்கையிலேருந்து உருவுது. நீருதான் அங்கேருந்து இழுக்கீருன்னு நெனச்சேன்.” சிலுவை தன் மணிக்கட்டைக் காட்டினான். அங்கேயும் அதே சிவப்பு. நடுவில் கயிறு கல்லின் மேல் தொய்ந்து கிடந்தது. இரண்டு பேரும் அதை மிதிக்காமல் தாண்டிப் போனார்கள்.

அதற்குப் பிறகு பெடலும் சேர்ந்துகொண்டது. வண்டி நின்றுகொண்டிருக்கும்; சிலுவை காலை எடுத்திருப்பான்; பெடல் ஓர் அங்குலம் உள்ளே போய்விட்டு மேலே வரும். வேறொரு கால் மிதித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்ட மாதிரி. எண்ணெயில் காற்று ஏறியிருக்கும் என்று குழாயைத் திறந்து காற்றை வெளியேற்றினான். காற்று ஒரு குமிழிகூட வரவில்லை. எண்ணெய் பளபளவென்று வந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது.

பிலோமி மந்திரித்த எண்ணெயை ஸ்டியரிங்கில் தடவினாள். அவன் சோறு இறங்காமல் இளைத்தான். மனசாட்சி என்பது காது கேட்காதவனிடமும் பேசத் தெரிந்த ஜந்து.

மே மாதம் பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு எஸ்றா அவனை மறித்தார். உப்பளங்களுக்கு நடுவே போகும் ரோட்டில், குடையை விரித்துக்கொண்டு, தார் மேல் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு நின்றார். இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் கண்ணைக் குத்தின. நிழல் என்று இருந்தது அவர் குடைக்கு அடியில் மட்டும்தான்.

“இருபது மைல் வேகத்துல வா. இந்தக் கோட்டுல மிதி. எங்க நிக்குதுன்னு பாப்போம்” என்றார்.

சிலுவை வந்தான், மிதித்தான். வண்டி கோட்டைத் தாண்டி இருபதடிக்குள் நின்றது. எஸ்றா அதை நம்பவில்லை. அளந்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் அதே இருபதடி. “இந்தக் காண்ட்ராக்டர் வண்டியிலயா?” என்று முணுமுணுத்துவிட்டு, டிரைவர் கால் வைக்கும் பலகையைத் தூக்கச் சொல்லி, டார்ச் அடித்து, துணியால் கிரீசைத் துடைத்தார். சிலிண்டர் உடம்பில் வார்த்திருந்த நம்பரைப் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினார்.

நெடுநேரம் கழித்து நிமிர்ந்து, சிலுவையின் முகத்துக்கு நேரே வந்து பேசினார். “போன ஆவணி மாசம் ஒரு பையனை இதே இடத்துல நிறுத்தினேன். சொந்தக் காசுல புது சிலிண்டர் வாங்கிப் போட்டிருந்தான். இப்படியும் ஒரு டிரைவரான்னு சந்தோஷத்துல நம்பரைக்கூட எழுதி வச்சேன். அந்த நம்பர் இது. அந்தப் பையன் கடலுக்குள்ள போயிட்டான். இது எப்படி உங்கிட்ட வந்துச்சு?”

உண்மை சிலுவையின் நாக்கு நுனிவரை வந்தது. அதன் பின்னாலேயே லைசென்ஸ், பிலோமி, கோர்ட்டு, ஊர் வாய் எல்லாம் வந்தன. பொய் அதைவிடச் சுலபமாக இருந்தது. யாரோ தயாராகக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

“அடியில கெடந்த வண்டியிலேருந்து கழட்டினேன் அய்யா. நான் குளிகாரன்லா. எல்லாரும் டயர் எடுத்தாங்க, நான் இத எடுத்தேன்.”

எஸ்றா அவனை வெறுப்போடு பார்த்தார். பிறகு அந்த வெறுப்பு மெல்ல வேறொன்றாக மாறியது. வருத்தமாக. “அப்படின்னா முங்கினப்போ அந்த வண்டியில நல்ல பிரேக் இருந்திருக்கு. அப்ப தப்பு வண்டி மேல இல்ல. ஓட்டினவன் மேலதான். நான்தான் அந்தப் பையன நம்பி எட்டு மாசம் எழுதாம வச்சிருந்தேன்” என்றார். ஒரு தாளை எடுத்து எழுதி, கையெழுத்து வாங்கினார். “அஞ்சு மணிக்கு ரிப்போர்ட்டோட சேத்து அனுப்பிருவேன். திருட்டுக்கு உனக்கு என்ன உண்டோ அது பொறவு.”

சிலுவை போட்ட கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்பது வண்டி கிளம்பிய பிறகுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது. செத்தவனுக்குக் குடிகாரன் என்று முத்திரை குத்தித் தந்துவிட்டான். பிரேக்கைக் கொடுத்தவன் மேல், பிரேக்கை எடுத்தவன் எழுதின சாட்சி. நினைக்க நினைக்க அவனுக்கே அவன் மேல் அருவருப்பாக இருந்தது.

பக்கத்து சீட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தான் இனிகோ. கல்லுரோட்டு நுனியில் இறங்கி, முன்னால் வந்து, சிலுவை உதட்டைப் பார்க்கும்படி நின்று கேட்டான்:

“நீரு எப்ப மச்சான் கடலுக்குள்ள எறங்கினீரு? ஒரு பாகம் எறங்கினாலே உமக்குக் காதுல ரத்தம் வரும்லா?”

சிலுவை ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப அன்னைக்குத் திருப்பிக் குடுக்கல.”

“ஒனக்காகத்தாம்ல. நீதான பின்னால நிக்க...”

“எம்பேரச் சொல்லாதீரும்” என்றான் இனிகோ. அவன் உதடு நடுங்கியதால் வார்த்தைகளைப் பிடிப்பது சிரமமாக இருந்தது. “அய்யாக்குட்டி பின்னாலயும் ஒருத்தன் நின்னாம்லா. அவனும் ஒரு வீட்டுக்குத் தாலிதான.” கயிற்றைச் சுருட்டிச் சிலுவையின் மடியில் போடவில்லை, கையிலிருந்து அப்படியே நழுவ விட்டான். “இனிமே நான் ஒமக்குக் கயிறு பிடிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, கரையைப் பார்த்து, அந்த நீளமான ரோட்டில் நடக்கத் தொடங்கினான்.

மச்சினன் கயிற்றை விடுவது என்பது அந்தக் கடற்கரையில் கேள்விப்படாத சங்கதி. பின்னால் வேறு லாரி எதுவும் இல்லை. கல்லைக் கொட்டாமல் திரும்ப முடியாது. சிலுவை தனியாகவே கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் விட்டான். மணிக்கட்டில் கட்டிய கயிறு வண்டியோடு இழுபட்டுக்கொண்டே வந்து, பக்கவாட்டு விளிம்பு தாண்டித் தண்ணீருக்குள் விழுந்தது. சூரியன் உச்சியில் நின்றது. காக்கைகூட இல்லை.

கயிறு இழுபட்டது.

ஒரு தரம். அவன் நிறுத்தினான். எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தரம் இழுபட்டது. அப்போதும் அசையவில்லை. மூன்றாம் தரம், மணிக்கட்டு சன்னல் கட்டையில் மோதும்படி இழுபட்டது. பிறகு ஓய்ந்தது. மறுபடியும் மூன்று. ஓய்ந்து, மறுபடியும் மூன்று.

இருபது வருஷம் அந்தக் கயிற்றில் உயிர் வாழ்ந்தவனுக்கு மூன்று இழுப்பு என்னவென்று தெரியாதா? முதல் நாளும் அது மூன்று தரம்தான் இழுத்தது. அவன்தான் ஒவ்வொன்றாக எண்ணி ‘வா, வா’ என்று நினைத்துக்கொண்டான். அடியில் இருப்பவன் அவனைக் கடலுக்குக் கூப்பிடவில்லை. தன்னைத் தூக்கச் சொல்லுகிறான்.

சிலுவை இறங்கி, விளிம்பில் காலை அகட்டி நின்று, கயிற்றை இழுத்தான். கனத்தது. கல்லில் சிக்கிய கனம் அல்ல அது. ஆள் கனம். மூச்சு முடிந்து, கையைக் காலை அடிக்காமல், தன்னை முழுசாகக் கயிற்றிடம் கொடுத்துவிட்ட ஆளின் கனம். அதை அவன் கை அறியும். கை மாற்றிக் கை மாற்றி இழுத்தான். “வந்திரு, வந்திருய்யா, வந்திரு” என்று அவன் வாய் புலம்பியது. ஒரு பாகம், இரண்டு பாகம், ஐந்து பாகம். கடைசிப் பாகத்தில் தண்ணீர் லேசாகப் புடைத்தது. சட்டென்று கனம் விட்டுப்போயிற்று. வெறும் முனை சொட்டச் சொட்ட அவன் காலடியில் வந்து விழுந்தது.

அவன் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பிறகு கல்லைக் கொட்டாமலே வண்டியை எடுத்தான். வழியில் நடந்துகொண்டிருந்த இனிகோ ஒதுங்கி நின்றான், ஏறவில்லை. நான்கு மணிக்கு ஏழு டன் கல்லோடு லாரி ஆபீஸ் வாசலில் போய் நின்றது.

எஸ்றாவின் மேஜை முன் நின்று எல்லாவற்றையும் சொன்னான். மாப்பிள்ளைச் சாமான், வியாழக்கிழமை, நாளைக்குத் தாரேன் என்று சொன்னது, காலையில் எழுதிக் கொடுத்த பொய். காதையும் சொல்லிவிட்டான். எஸ்றா பழைய தாளைக் குறுக்கே கிழித்தார். புதுத் தாளில் எழுதி முடித்து, இரண்டு தரம் படித்துக் காட்டினார். ஒவ்வொரு சொல்லையும் உதடு தெரியச் சொன்னார்.

“லைசென்ஸ் போகும். கேசும் வரும். தெரியும்லா?”

“தெரியும் அய்யா.”

அந்த வாரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அய்யாக்குட்டி குடிகாரன் இல்லை, பிரேக் இல்லாத வண்டியில் வேலைக்கு அனுப்பப்பட்டவன் என்று ரிப்போர்ட் போயிற்று. மேனேஜர் பேச்சை மாற்றிக்கொண்டார். டிரைவர்கள் சிலுவையைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் ஏற்பாட்டைக் காட்டிக்கொடுத்தான் என்று பாதிப் பேருக்குக் கோபம், ஒருத்தனைக் கொன்றுவிட்டான் என்று மீதிப் பேருக்கு. இரண்டும் நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சண்முகக்கனியைப் பார்க்கப் போனான். உப்பளத்தை ஒட்டி வீடு. முற்றத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். திட்டுவாள், வாரியலால் அடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் போனான். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தான். அவள் எழுந்து ஸ்டூலைப் போட்டாள். ரிப்போர்ட் நகலை எஸ்றா அய்யா வந்து படித்துக் காட்டியதாகச் சொன்னாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாளாம். அவன் முகத்துக்கு நேரே, அவனுக்குக் கேட்க வேண்டுமே என்று நிதானமாகப் பேசினாள்.

“உம்மையும் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. மத்தியானம் தாரேன்னுதான சொன்னீரு. அன்னைக்கு விடியக்காலம் அவுக மனசு கேக்காம உம்ம வீட்டுக்கு வந்தாக. மூணு தட்டு தட்டினாகளாம். தெறக்கல. திரும்பி வந்து எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாக: பாவம், காது கேக்காத மனுசன், அசந்து தூங்குதாரு, மத்தியானம் வாங்கிக்கிடுதேன்னு.”

அவள் கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். “உமக்குக் கேக்கலேயே. அதுக்கு நீரு என்ன செய்வீரு?”

அன்று விடியக்காலம், பிலோமி காலைப் பூசைக்குப் போயிருந்த நேரம் அது. அவன் பாயில், கதவுப் பலகையில் முதுகு பட, படுத்திருந்தான். காது கேட்காதவனுக்கு உடம்பெல்லாம் காது. ஒவ்வொரு தட்டும் முதுகெலும்பில் வந்து இறங்கியது. யார் தட்டுவது, எதற்குத் தட்டுவது என்று தெரிந்தது. திறந்தால் முதல் நடையை ஓட்டைப் பிரேக்கோடு போக வேண்டும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, காலடி போகும்வரை, மூச்சை அடக்கிக் கிடந்தான். மூச்சை அடக்குவதுதான் அவனுக்குக் கைவந்த தொழிலாயிற்றே. இதை அவன் எஸ்றாவிடம் சொல்லவில்லை. கோயிலில் ஆண்டவரின் சிலுவையடியிலும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். அவள் மன்னித்துவிட்டாள். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

சிலுவை ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான்.

“கேட்டுச்சு தங்கச்சி” என்றான். “மூணு தட்டும் கேட்டுச்சு.”